தானாக அடுத்த பாட்டுக்குப் போகும் மியூசிக் ப்ளேயர்: பைத்தானில் படிப்படியாக

ஒரு பாட்டை ஓடவைக்க பைத்தானில் நாலைந்து வரி போதும். அது முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்க வேண்டும் என்று வரும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பாட்டு தானாக முடிந்தாலும் சரி, நீங்கள் பட்டனை அழுத்தி நிறுத்தினாலும் சரி, ஒலி லைப்ரரி (ஒலிக்கான தயார் நிரல் தொகுப்பு) சொல்வது ஒன்றுதான்: இப்போது எதுவும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதை உங்கள் நிரல்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த ஒரு விஷயத்தை வைத்தே அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

விண்டோவுக்கு டிகின்டர், ஒலிக்கு பைகேம், பாட்டின் நீளத்தை அறிய மியூட்டஜென் என மூன்று லைப்ரரிகளை எடுத்துக்கொள்வோம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால் நாம் எழுதும் ஃபங்ஷன்களுக்கு இங்கே தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வைத்தாலும் வேலை ஒன்றுதான்.

1. ஆரம்பிக்கும் முன்

விண்டோஸில் பைத்தானை வழக்கமாக நிறுவும்போதே டிகின்டரும் சேர்ந்து வந்துவிடும். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் அது தனி பேக்கேஜ். ஏப்ட் என்ற அவற்றின் நிறுவும் கருவி வழியாகத் தனியாக நிறுவ வேண்டும். இது தெரியாமல் பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) வழியாக டிகின்டரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர். பிப்பில் அது கிடைக்காது.

பைகேமும் மியூட்டஜெனும் பிப் வழியாக வரும். 'பிப்' என்று மட்டும் கொடுக்காமல், 'பைத்தான் -எம் பிப்' என்று கொடுங்கள். ஒரே கணினியில் இரண்டு பைத்தான் இருந்தால் லைப்ரரி ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும், நிரல் இன்னொன்றில் ஓடும். 'மாட்யூல் இல்லை' என்ற பிழைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புத்தம் புதிய பைத்தான் பதிப்பில் பைகேம் நிறுவும்போது பக்கம் பக்கமாகப் பிழை கொட்டினால், அந்தப் பதிப்புக்கான தயார் தொகுப்பு இன்னும் வரவில்லை என்று பொருள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு பதிப்பு பழைய பைத்தானில் முயலுங்கள்.

உங்கள் ஃபைலுக்கு பைகேம் என்றோ டிகின்டர் என்றோ பெயர் வைக்காதீர்கள். இம்போர்ட் செய்யும்போது பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரைத்தான் பார்க்கும். லைப்ரரிக்குப் பதில் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு, இல்லாத ஃபங்ஷனைத் தேடித் தோற்கும்.

சோதனைக்கு ஐந்தாறு சிறிய ஒலி ஃபைல்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 5 முதல் 10 வினாடி இருந்தால் நல்லது. தானாக மாறுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடப் பாட்டு முடியும்வரை காத்திருந்தால் பொறுமை போய்விடும், அப்புறம் சோதிப்பதையே விட்டுவிடுவீர்கள். எம்பி3, ஓஜிஜி, வேவ் எது வேண்டுமானாலும் இருக்கலாம். எம்4ஏ வேண்டாம்; பைகேம் அதைப் பொதுவாகப் படிக்காது.

2. விண்டோ இல்லாமல் ஒரு பாட்டு

முதலில் ஒலி மட்டும். பைகேமின் மிக்ஸரை (ஒலியைக் கவனிக்கும் பகுதி) தொடங்கி, மிக்ஸர்.மியூசிக் பகுதியில் லோட், பிறகு பிளே. விண்டோவையும் ஒலியையும் ஒன்றாக எழுதினால், சத்தம் வராதபோது தவறு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

இதை ஒரு ஃபைலில் எழுதி ஓட்டினால் சத்தமே வராமல் நிரல் முடிந்துவிடும். தவறு எதுவும் இல்லை. பிளே என்பது பாட்டைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும். பாட்டு முடியும்வரை காத்திருக்காது. நிரல் முடிந்தால் ஒலியும் முடியும். கடைசி வரியில் இன்புட் ஃபங்ஷனை வைத்து, என்டர் அழுத்தும்வரை நிரலை நிறுத்திவைத்துக் கேளுங்கள்.

பைகேமில் சவுண்ட் என்று இன்னொரு வகையும் உண்டு. அது குறுகிய ஒலிகளுக்கானது. ஃபைல் முழுவதையும் விரித்து நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்று கணக்கிட்டால் வினாடிக்கு 1,76,400 பைட்டுகள். ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 53 எம்பி பிடிக்கும். மியூசிக் பகுதியோ ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும். ப்ளேயருக்கு அதுதான் சரி.

3. பட்டனுக்கு முன் நிலை

மூன்று மாறிகளை இப்போதே வையுங்கள். 'பாதைகள்' என்பது பாட்டு ஃபைல்களின் முழு முகவரிப் பட்டியல். 'எண்' என்பது இப்போதைய பாட்டு அந்தப் பட்டியலில் எத்தனையாவது என்பது. 'நிலை' மூன்றில் ஒன்றாக இருக்கும்: நின்றது, ஓடுகிறது, இடைநிறுத்தம்.

'நிலை எதற்கு, கெட்_பிஸி என்று பைகேமிலேயே இருக்கிறதே, ஒலி ஓடுகிறதா என்று அது சொல்லுமே' என்று தோன்றும். சொல்லும். ஆனால் பைகேம் 2.0.1 முதல், பாட்டைப் பாஸ் செய்தாலும் (தற்காலிகமாக நிறுத்தினாலும்) அது 'இல்லை' என்றே சொல்கிறது. பழைய பதிப்புகளில் பாஸ் செய்தாலும் 'ஆம்' என்று வரும். அதை மட்டும் நம்பி எழுதினால், பாஸ் அழுத்தியதும் ப்ளேயர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். புதியவர்களின் நிரல்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

எனவே விதி இது: பயனர் என்ன கேட்டார் என்பது 'நிலை'யில் இருக்கும், ஒலி உண்மையில் ஓடுகிறதா என்பதை கெட்_பிஸி சொல்லும். நிலை 'ஓடுகிறது' என்றிருந்து, கெட்_பிஸி 'இல்லை' என்றால் மட்டுமே பாட்டு தானாக முடிந்திருக்கிறது. ஏழாம் படி முழுக்க இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

4. விண்டோவும் பட்டியலும்

ஒரு லிஸ்ட்பாக்ஸ் (பெயர்ப் பட்டியலைக் காட்டும் பெட்டி), அதற்குக் கீழே முந்தையது, இயக்கு, பாஸ், நிறுத்து, அடுத்தது என ஐந்து பட்டன்கள், ஒரு ஒலியளவு ஸ்கேல் (இழுத்து மாற்றும் பட்டை). இப்போதைக்கு இவ்வளவு போதும். அழகு பார்க்கும் நேரம் இதுவல்ல.

லிஸ்ட்பாக்ஸில் ஃபைலின் பெயரை மட்டும் காட்டுங்கள். முழு முகவரி 'பாதைகள்' பட்டியலில் இருக்கட்டும். லிஸ்ட்பாக்ஸில் தெரியும் பெயரையே லோடுக்குக் கொடுத்தால், நிரலும் பாட்டும் ஒரே ஃபோல்டரில் இருக்கும்வரை வேலை செய்யும். பாட்டு வேறு ஃபோல்டரில் இருந்தால் ஃபைல் கிடைக்கவில்லை என்று விழும்.

ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் பயனர் கேன்சல் அழுத்தலாம். அப்போது வெற்று விடை வரும். அதைச் சோதிக்காமல் தொடர்ந்தால் நிரல் வேண்டாத இடத்தில் போய்த் தேடலாம். ஃபைல் நீட்சியை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எம்பி3 போன்ற பகுதி) பார்க்கும்போது பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். பெரிய எழுத்தில் முடியும் எம்பி3 ஃபைல்கள் நிறையவே உண்டு.

ஃபோல்டரில் உள்ளவற்றை பைத்தான் எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நீங்களே வரிசைப்படுத்துங்கள். வெறும் எழுத்து வரிசையில் '10' என்பது '2'க்கு முன்னால் வந்துவிடும். பெயரில் உள்ள எண்களைப் பிரித்தெடுத்து எண்ணாகவே ஒப்பிட்டால் சரியாகும். தானாக அடுத்த பாட்டுக்குப் போகும் ப்ளேயரில் வரிசை தவறாக இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கேட்பவருக்குப் பிழையாகவே படும்.

ஒலியளவு ஸ்கேல் தரும் மதிப்பு எண்ணாக வராது, எழுத்துச் சரமாக வரும். அதை எண்ணாக்கி 100ஆல் வகுத்து செட்_வால்யூமுக்குக் கொடுங்கள். அது 0 முதல் 1 வரைதான் எதிர்பார்க்கிறது.

5. 'இயக்கு': எல்லாம் நுழைய ஒரே வாசல்

பாட்டைத் தொடங்கும் வேலை ஒரே ஒரு ஃபங்ஷனில்தான் இருக்க வேண்டும். பட்டன், இரட்டைக் கிளிக், அடுத்தது, முந்தையது, தானாக மாறுவது என எல்லாமே 'இயக்கு' ஃபங்ஷனை ஒரு எண்ணோடு அழைக்கட்டும். லோட், பிளே இரண்டையும் ஐந்து இடத்தில் நகலெடுத்து ஒட்டியவர்கள், எங்கோ ஓரிடத்தில் எண்ணைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள்.

உள்ளே நடக்க வேண்டியவை இந்த வரிசையில்: நிலையை 'நின்றது' என்று மாற்று, ஸ்டாப், புதிய ஃபைலை லோட், பிளே, எண்ணைப் புதுப்பி, லிஸ்ட்பாக்ஸில் பழைய தேர்வை நீக்கிப் புதியதைத் தேர்ந்தெடு, கடைசியாக நிலையை 'ஓடுகிறது' என்று மாற்று.

நிலை ஏன் கடைசியில்? நடுவில் லோட் தோற்றால், நிலை 'நின்றது' என்றே இருக்கும். முதலிலேயே 'ஓடுகிறது' என்று வைத்துவிட்டால், லோட் தோற்றதை நிரல் 'பாட்டு முடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும்.

தேர்வை நகர்த்தியதும் சீ என்ற முறையையும் அழையுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால், ஓடும் பாட்டு கண்ணுக்குத் தெரியும்படி அது உருட்டிக் காட்டும். ஆனால் 'எந்தப் பாட்டு ஓடுகிறது' என்பதை லிஸ்ட்பாக்ஸின் தேர்விலிருந்து ஒருபோதும் படிக்காதீர்கள். பயனர் சும்மா வேறொரு பெயரைக் கிளிக் செய்து வைத்திருக்கலாம். அடுத்த பாட்டு அந்தப் பெயருக்கு அடுத்ததாகப் போய்விடும்.

இரட்டைக் கிளிக்கை பைண்ட் (நிகழ்வை ஃபங்ஷனோடு இணைக்கும் டிகின்டர் முறை) வழியாக இணைக்கும்போது, டிகின்டர் உங்கள் ஃபங்ஷனுக்கு ஒரு நிகழ்வுப் பொருளையும் அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளீடு கூடுதலாக வந்தது என்று பிழை வரும்.

6. பாஸும் நிறுத்தமும்

நிலை 'ஓடுகிறது' என்றால் பாஸ் செய்து 'இடைநிறுத்தம்' ஆக்குங்கள். 'இடைநிறுத்தம்' என்றால் அன்பாஸ் செய்து 'ஓடுகிறது' ஆக்குங்கள். 'நின்றது' என்றால் எதுவும் செய்ய வேண்டாம். தொடர மீண்டும் பிளே அழைத்தால் பாட்டு முதலிலிருந்து ஓடும்.

நிறுத்தும்போது நிலையை 'நின்றது' ஆக்கி, ஸ்டாப், பிறகு அன்லோட். அன்லோட் பைகேம் 2இல்தான் வந்தது. அதை விட்டுவிட்டால், விண்டோஸில் அந்த ஃபைலுக்குப் பெயர் மாற்றவோ அதை நீக்கவோ முடியாமல் போகலாம். வேறொரு நிரல் பயன்படுத்துகிறது என்று சொல்லும்.

7. தானாக அடுத்த பாட்டு

முதலில் எப்படிச் செய்யக் கூடாது என்று பார்ப்போம். கெட்_பிஸி 'ஆம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரையில் ஒரு வைல் லூப்பில் சுற்றிக்கொண்டு, நடுவே ஸ்லீப் போடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. டிகின்டர் தன் பட்டன்களையும் விண்டோவையும் ஒரே இழையில் (த்ரெட்) பார்த்துக்கொள்கிறது. உங்கள் லூப் சுற்றும்வரை அதற்கு முறை வராது. விண்டோ உறைந்துபோகும், 'பதிலளிக்கவில்லை' என்று தலைப்பில் வரும்.

இரண்டாவது வழி, பைகேமின் செட்_எண்ட்ஈவென்ட். பாட்டு நின்றதும் ஒரு நிகழ்வை அனுப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிகழ்வை வாங்க பைகேமின் நிகழ்வு வரிசையைப் படிக்க வேண்டும், அதற்கு பைகேமின் திரைப் பகுதியையும் தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ அமைப்பு தொடங்கப்படவில்லை என்ற பிழை வரும். அதோடு, நீங்கள் ஸ்டாப் அழைத்தாலும் அதே நிகழ்வு வரும். ஆக, நிலை மாறி இல்லாமல் இந்த வழியும் நடக்காது.

நமக்குத் தோதானது டிகின்டரின் ஆஃப்டர். 'இத்தனை மில்லிவினாடி கழித்து இந்த ஃபங்ஷனை அழை' என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். 'கவனி' என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். நிலை 'ஓடுகிறது', கெட்_பிஸி 'இல்லை' என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் அது 'முடிந்தது' ஃபங்ஷனை (எட்டாம் படியில் வரும்) அழைக்கட்டும். எப்படியிருந்தாலும் கடைசியில் 300 மில்லிவினாடி கழித்துத் தன்னையே மீண்டும் அழைக்கச் சொல்லட்டும்.

இடைவெளியைக் கூட்டினால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அமைதி நீளும். 300இல் அது அவ்வளவாக உறுத்தாது; 2000 வைத்தால் கேட்பவர் ப்ளேயர் நின்றுவிட்டது என்று நினைப்பார். 10 என்று வைத்தாலும் காதுக்கு எந்த லாபமும் இல்லை.

இங்கே நான்கு இடங்களில் தவறு நடக்கிறது.

ஆஃப்டருக்கு ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்க வேண்டும், அடைப்புக்குறி போடக் கூடாது. போட்டால் 300 மில்லிவினாடி காத்திருக்காமல் அப்போதே அழைத்துவிடும். 'கவனி' தனக்குள்ளேயே இப்படி அழைத்துக்கொண்டால் தன்னைத்தானே அழைக்கும் ஆழம் எல்லை தாண்டிவிட்டது என்ற பிழையோடு நிற்கும்.

இந்த டைமரை, அதாவது 'கவனி'யின் தொடர் அழைப்பை, 'இயக்கு' ஃபங்ஷனுக்குள் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புதிய டைமர் சங்கிலி பிறக்கும், பழையவையும் சாகாது. பத்துப் பாட்டு மாறியதும் பத்து டைமர்கள் ஓடிக்கொண்டிருக்கும். வேலை கூடிக்கொண்டே போகும். மாறும் நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை 'முடிந்தது' என்று நினைத்தால் பாட்டுகளைத் தாண்டிப் போவதும் நடக்கலாம். விண்டோ தொடங்கும்போது ஒரே ஒருமுறை தொடங்குங்கள். நிரல் மூடும்வரை அது ஒன்றே ஓடட்டும்.

'கவனி'க்குள் ஏதாவது பிழை எழுந்தால், மீண்டும் அழைக்கச் சொல்லும் கடைசி வரிக்கு நிரல் வராது. விண்டோ திறந்திருக்கும், பட்டன்கள் வேலை செய்யும், தானாக மாறுவது மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். கண்டுபிடிக்கக் கடினமான பிழை இது. அந்தக் கடைசி வரியை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள்.

டிகின்டர் இப்படிப்பட்ட பிழைகளை டெர்மினலில் மட்டுமே எழுதும். எனவே நிரலை உருவாக்கும் காலம் முழுவதும் டெர்மினலிலிருந்தே ஓட்டுங்கள்.

8. அடுத்தது எது

'அடுத்தது' பட்டனுக்கும், பாட்டு தானாக முடிவதற்கும் தனித்தனி ஃபங்ஷன் வேண்டும். ஒரே பாட்டை ரிப்பீட் செய்யும் முறையை யோசித்துப் பாருங்கள். பாட்டு தானாக முடிந்தால் அதே பாட்டு மீண்டும் வர வேண்டும். ஆனால் பயனர் 'அடுத்தது' அழுத்தினால் அடுத்த பாட்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் அடைத்தால், ரிப்பீட் போட்ட பயனர் அந்தப் பாட்டிலேயே மாட்டிக்கொள்வார்.

பட்டியல் முழுவதையும் சுற்றிவர, எண்ணோடு ஒன்றைக் கூட்டி, பட்டியலின் நீளத்தால் வகுத்து மீதியை எடுத்தால் போதும். பட்டியல் காலியாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேரும்; முதலில் அதைச் சோதியுங்கள். ரிப்பீட் இல்லையென்றால் கடைசிப் பாட்டு முடிந்ததும் 'நிறுத்து' ஃபங்ஷனை அழைக்க வேண்டும். அழைக்காமல் சும்மா விட்டால் நிலை 'ஓடுகிறது' என்றே நிற்கும், 'கவனி' வினாடிக்கு மூன்று முறை 'முடிந்தது' என்று கத்திக்கொண்டிருக்கும்.

ஷஃபிளுக்கு (பாட்டுகளை வரிசை கலைத்துப் போட) ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்காதீர்கள். ஒரே பாட்டு அடுத்தடுத்து வரும், சில பாட்டுகள் வரவே வராது. எண்களின் பட்டியலை ஒருமுறை கலைத்து வைத்துக்கொண்டு அந்த வரிசையில் போங்கள். 'முந்தையது' பட்டனும் அப்போதுதான் உண்மையிலேயே முந்தைய பாட்டுக்குப் போகும்.

9. படிக்க முடியாத ஃபைல்

பாதி இறங்கிய ஃபைல், நீட்சி மாற்றப்பட்ட ஃபைல், இடம் மாறிப் போன ஃபைல் எதுவானாலும் லோட் பிழை எழுப்பும். அதைப் பிடித்து அடுத்த பாட்டுக்குத் தாண்ட வேண்டும். ஆனால் எல்லா ஃபைல்களும் இருந்த பென்டிரைவையே கழற்றிவிட்டால்? அடுத்தது, அடுத்தது என்று முடிவில்லாமல் சுற்றும். தொடர்ந்து எத்தனை தோல்வி என்று எண்ணுங்கள். அது பட்டியலின் நீளத்தை எட்டினால் நிறுத்திவிட்டு, ஒரு செய்தி காட்டுங்கள். ஒரு பாட்டு வெற்றிகரமாகத் தொடங்கியதும் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள்.

10. நேரப் பட்டை

இது கட்டாயமில்லை. மேலே உள்ளவை எல்லாம் சரியாக ஓடிய பிறகே தொடுங்கள்.

மொத்த நீளத்தை மியூட்டஜெனிடம் கேளுங்கள். வகை தெரியாத ஃபைலுக்கு அது வெற்று விடை தரும். அப்போது பட்டையை முடக்கிவிடலாம். ஓடிய நேரத்தை கெட்_பாஸ் (இடைநிறுத்தும் பாஸ் அல்ல, பொசிஷன் என்பதன் சுருக்கம்) மில்லிவினாடியில் தரும். ஆனால் அது பிளே அழைத்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியது என்பதுதான். பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதல்ல. இரண்டாவது நிமிடத்திலிருந்து தொடங்கச் சொன்னாலும் பூஜ்யத்திலிருந்தே எண்ணும். எனவே தொடங்கிய இடத்தை 'தொடக்கம்' என்ற மாறியில் வைத்து, அதோடு கூட்டிக் காட்டுங்கள். புதிய பாட்டு வரும்போது அதைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்.

நேரப் பட்டைக்கு வைக்கும் ஸ்கேலின் கமாண்டில் (மதிப்பு மாறும்போது அழைக்கப்படும் ஃபங்ஷன்) பாட்டின் வேறு இடத்துக்குத் தாவும் வேலையை இணைக்காதீர்கள். டைமர் பட்டையை நகர்த்தும்போதும் அந்தக் கமாண்ட் அழைக்கப்படும். பாட்டு விக்கி விக்கி ஓடும். மவுஸ் அழுத்தும்போது 'இழுக்கிறது' என்று குறித்துக்கொண்டு, மவுஸை விடும்வரை டைமர் பட்டையைத் தொடாமல் விடுங்கள். மவுஸை விட்டதும் அந்த வினாடியிலிருந்து பிளே. பயனர் இடைநிறுத்தத்தில் இருந்தபோது இழுத்திருந்தால், பிளே அழைத்த கையோடு பாஸ் செய்யுங்கள்.

11. நீக்குவதும் சேமிப்பதும்

பட்டியலிலிருந்து ஒரு பாட்டை நீக்கும்போது லிஸ்ட்பாக்ஸ், 'பாதைகள்' இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் நீக்குங்கள். ஓடும் பாட்டுக்கு மேலே உள்ளதை நீக்கினால் எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வர வேண்டிய பாட்டு ஒன்று தவறிப்போகும். ஓடும் பாட்டையே நீக்கினால், நிறுத்திவிட்டு அந்த இடத்துக்கு வந்ததைத் தொடங்கலாம். ஷஃபிள் போட்டிருந்தால் வரிசையைப் புதிதாகக் கலைத்துவிடுவதே சுலபம்.

பட்டியலை ஒரு ஃபைலில் சேமிக்கும்போதும் திரும்பப் படிக்கும்போதும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டே திறங்கள். விண்டோஸில் பல பைத்தான் பதிப்புகள் வேறு எழுத்துக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும்; தமிழில் பெயரிட்ட ஒரு பாட்டு இருந்தாலே சேமிப்பு பாதியில் முறியும்.

12. மூடுதல்

விண்டோவின் மூடும் குறியை உங்கள் 'மூடு' ஃபங்ஷனோடு இணையுங்கள். அதில் முதலில் டைமரை ரத்து செய்து, பிறகு ஸ்டாப், மிக்ஸரை மூடு, கடைசியாக விண்டோவை அழி. ரத்து செய்ய, ஆஃப்டர் திருப்பித் தரும் அடையாளத்தை 'கவனி' ஒவ்வொரு முறையும் ஒரு மாறியில் எழுதி வைத்திருக்க வேண்டும். டைமர் ஓடும்போதே மிக்ஸரை மூடினால், அடுத்த சுற்றில் கெட்_பிஸி பிழை எழுப்பும்.

13. சோதனை

குறுகிய ஃபைல்களை ஏற்றி இவற்றைச் செய்து பாருங்கள். கைவைக்காமல் பட்டியல் முழுவதும் ஓடவிட்டு, கடைசிப் பாட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பாஸ் செய்துவிட்டு, ஃபைலின் நீளத்தைவிட அதிக நேரம் காத்திருங்கள், தாவக் கூடாது. நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், தானாகத் தொடங்கக் கூடாது. பாட்டு முடியும் கடைசி நொடியில் 'அடுத்தது' அழுத்துங்கள். இரண்டு பாட்டு தாண்டக் கூடாது. ஒன்று ஓடும்போது வேறு பெயரைக் கிளிக் செய்துவிட்டு, அடுத்து எது வருகிறது என்று பாருங்கள். ஒரு வெற்று உரை ஃபைலுக்கு எம்பி3 நீட்சி கொடுத்து நடுவில் செருகுங்கள். பிறகு பட்டியல் முழுவதும் அப்படிப்பட்ட ஃபைல்களாகவே வைத்து ஓட்டுங்கள். விண்டோ உறையாமல் செய்தி காட்ட வேண்டும்.

பாஸ் சோதனை தோற்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டு பாட்டு தாண்டினால் 'கவனி' எத்தனை இடத்தில் தொடங்கப்படுகிறது என்று தேடுங்கள். அடுத்து வரும் பாட்டு தவறாக இருந்தால், எண்ணை எங்கோ லிஸ்ட்பாக்ஸின் தேர்விலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.